மாமனாரின் மொழி

அன்புள்ள ஐயா,

என் மாமனார் சென்ற மே மாதம் தவறிவிட்டார். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து 1955இல், பத்தொன்பது வயதில், கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தவர். ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் சுரங்கப்பாதை தோண்டும் வேலை, அப்புறம் மெல்பர்னில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம். என்னைச் சொந்த மகளாகத்தான் நடத்தினார். என் மகளுக்கு அவர்தான் உலகம்.

முதலாண்டு நினைவுக்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுத ஆசை, திருச்சியில் என் பெற்றோர் படிப்பதற்காக. ஆனால் எழுத எதுவுமே இல்லாததுபோல் இருக்கிறது. எளிய மனிதர். ஆங்கிலம் கடைசிவரை சரியாக வரவில்லை. பேசிய இத்தாலியனும் கொச்சைதான். காரை ‘கார்ரோ’ என்பார். பள்ளியில் இத்தாலியன் படிக்கும் என் மகள், ‘மாக்கினா என்று சொல்லுங்கள் நோன்னோ’ என்று திருத்துவாள். வீடே சிரிக்கும். கட்டுரையில் நோன்னோ என்றே எழுதுவதா, தாத்தா என்று மாற்றிவிடுவதா?

ஆர்., மெல்பர்ன்

அன்புள்ள ஆர்.,

நோன்னோ என்றே எழுதுங்கள். உங்கள் மகள் அவரைக் கூப்பிட்ட பெயர் அதுதானே.

எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஸ்னோயி மலைத் திட்டம் 1949இல் தொடங்கி 1974இல் முடிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 121 பேர் வேலையிலேயே செத்துப்போனார்கள். அந்தச் சுரங்கங்களுக்குள் தினமும் போய், உயிரோடு வெளியே வந்தவர் உங்கள் மாமனார். சரி, அந்தக் கதையை உங்கள் கணவரிடம் கேட்டு எழுதிவிடுவீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘கொச்சை’ என்ற சொல்.

யார் சொன்னது கொச்சை என்று? கலாப்ரியப் பேச்சு, இத்தாலியன் கெட்டுப்போய் உண்டானதில்லை. இரண்டும் லத்தீனிலிருந்து தனித்தனியே வந்தவை. பள்ளியில் உங்கள் மகள் படிப்பது ஃப்ளோரன்ஸ் பக்கத்துப் பேச்சிலிருந்து எழுத்தில் வளர்ந்த மொழி. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அதை வீட்டில் பேசியவர்கள் மிகச் சிலர். உங்கள் மாமனாருக்கும் அது பள்ளிக்கூடத்தில் கற்ற மொழியாகத்தான் இருந்திருக்கும். கப்பல் ஏறும்போதே அவரிடம் இரண்டு மொழிகள். சுரங்கத்தில் போலந்துக்காரரோடும் யுகோஸ்லாவியரோடும் வேலை பார்க்க மூன்றாவதாக ஆங்கிலம். அவருக்கா மொழி வரவில்லை?

கார்ரோ என்பது இத்தாலியில் மாடோ குதிரையோ இழுக்கும் வண்டி. ஆஸ்திரேலியா போன இத்தாலியர்கள் ஆங்கிலக் காரையும் அந்தச் சொல்லிலேயே ஏற்றிக்கொண்டார்கள். வேலிக்கு ஃபென்ஸா. ஃபத்தோரியா இத்தாலியில் பண்ணை, மெல்பர்னில் தொழிற்சாலை. கலாப்ரியாக்காரரும் வெனிஸ் பக்கத்துக்காரரும் அவரவர் ஊர்ப்பேச்சில் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது. புது நாட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறியவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தவை இந்தச் சொற்கள். உங்கள் மாமனார் அந்தப் பேச்சைத் துல்லியமாகத்தான் பேசியிருக்கிறார்.

மகளைத் திட்டவில்லை, அவள் குழந்தை. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த உங்களைத்தான் திட்டுகிறேன். அவள் திருத்திய பிறகு அவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? பேச்சைக் குறைத்துக்கொண்டாரா? கட்டுரையில் அதை எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் உங்கள் மெல்பர்னில், கோபர்க்கில், நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் தென் இத்தாலியின் பசிலிக்காட்டாவிலிருந்து வந்த ஒரு பெரியவர். தக்காளி நாள் அன்று வேலிக்கு மேலாகக் கைதட்டி என்னைக் கூப்பிட்டார். கார் நிறுத்தும் கொட்டகையில் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பெட்டி பெட்டியாகத் தக்காளி. இயந்திரம் தோலையும் விதையையும் ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் சாறு கொட்டியது. பழைய பீர் பாட்டில்களில் அதை ஊற்றினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளசி இலையைப் போடுவது பெரியவர் வேலை, நம்மூர்த் துளசி இல்லை, அவர்கள் சமையலுக்குச் சேர்ப்பது. இலை கிழியாமல் சுருட்டி, கட்டைவிரலால் கழுத்துக்குள் இறக்குவார். மூடி அழுத்திய பாட்டில்களைப் பெரிய தகர டிரம்மில் அடுக்கி, ஒன்றோடொன்று மோதி உடையாதபடி நடுவில் கந்தல் துணி செருகி, தண்ணீர் நிரப்பி, விறகு வைத்துக் கொதிக்கவிட்டார்கள். தீ அணைந்ததும் நான் ஒரு பாட்டிலை எடுக்கக் கை நீட்டினேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘க்ராய்’ என்றார்.

பேரன் சிரித்தான். ‘அது இத்தாலியனே இல்லை, தாத்தாவாக ஏதோ சொல்லிக்கொள்வார்’ என்றான். பெரியவர் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்கும் அன்று தெரியவில்லை. ஊர் திரும்பி அகராதிகளைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. ரோமர்கள் ‘நாளை’ என்பதற்கு ‘க்ராஸ்’ என்றார்கள். பள்ளிக்கூட இத்தாலியன் அதைக் கைவிட்டு வேறு சொல்லுக்குப் போய்விட்டது. தென் இத்தாலிக் கிராமங்கள் பல அதை விடவில்லை. பாட்டில்கள் இரவெல்லாம் தண்ணீரிலேயே ஆறட்டும், நாளைக்கு எடுக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேரனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். போன மாதம் நண்பர் ஃபோனில் சொன்னார், பெரியவர் போய்விட்டார் என்று. அந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கலாப்ரியாவின் வடபகுதியிலும் இந்தச் சொல் உண்டு. ‘நாளை’ என்பதற்கு உங்கள் மாமனார் என்ன சொல்வார் என்று இன்றைக்கே கணவரிடம் கேளுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.