கலப்பு நடனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினோரு ஆண்டுகளாகப் பரதம் கற்கிறாள். இப்போது ஸ்பெயின் நாட்டு நடனமான பிளமெங்கோவைப் பரதத்தோடு சேர்த்து ஆடப்போகிறேன் என்கிறாள். அதற்காக ஒரு மாதப் பட்டறைக்கும் போய்வந்தாள். பரதத்தின் தூய்மையைக் கெடுக்கிறாள் என்று அவளுடைய டீச்சர் பேசுவதையே நிறுத்திவிட்டார். இதை ஒரு தொழிலாகக் கொள்ள முடியுமா? வருமானம் வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வருமானத்தைப் பற்றிப் போயும் போயும் ஓர் எழுத்தாளனிடம் கேட்கிறீர்கள். அதை விடுங்கள்.

டீச்சர் சொல்லும் தூய்மையையும் விடுங்கள். உங்கள் மகள் ஆடும் கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள். அவர்களில் வடிவேலு வயலின் வாசித்தவர். ஐரோப்பிய வாத்தியம்தான். திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலினையே பரிசாகக் கொடுத்தார். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது அந்த ஒரு மாதப் பட்டறை. சில நாட்களாக நவீன நடனக்காரர் அஸ்தாத் தேபூவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. 1947-இல் நவ்சாரியில் பிறந்த பார்சி அவர். சிறுவயதிலேயே கதக். பிறகு ஐரோப்பா, லண்டனில் மார்த்தா கிரகாம் பாணி நவீன நடனப் பயிற்சி, ஊர் ஊராக மேடைகள். இதெல்லாம் ஆனபிறகு, முப்பதை ஒட்டிய வயதில், இந்தியாவுக்குத் திரும்பி ஈ.கே.பணிக்கரிடம் கதகளி கற்க உட்கார்ந்தார். சிறு பையன்களாகச் சேர்ந்து கற்கிற கலை அது. கண்ணை உருட்டும் சாதகத்திலிருந்து தொடங்கவேண்டும்.

மணிப்பூரின் புங் சோலம் மத்தளக்காரர்களோடு அவர் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மத்தளத்தோடு எம்பிச் சுழன்றார்கள்; நடுவே இவர் நீண்ட அங்கியில் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் “இது எந்த நடனம் சார்?” என்று நச்சரித்தார். பேசாமல் பாருங்கள் என்று அதட்டிவிட்டேன்.

உதயசங்கர் கற்காமலே ஆடவில்லையா என்பீர்கள். ஆடினார். ஓவியம் படிக்க லண்டன் போனவர், எந்த நடனத்தையும் முறையாகப் பயிலாமல் 1923-இல் ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவுடன் கிருஷ்ணனாக மேடையேறினார். ஆனால் பின்னாளில் அல்மோராவில் மையம் வைத்தபோது யாரைக் கூட்டிவந்தார்? கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், பரதத்துக்குப் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. தன்னிடம் இல்லாதது என்ன என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் மகளுக்குத் தெரியுமா? பிளமெங்கோவும் தரையைத் தட்டுகிறது, பரதத்தின் தட்டடவும் தட்டுகிறது, ஆகவே சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. பரதம் முழங்கால் மடக்கிய அரைமண்டியில், வெறுங்காலில். பிளமெங்கோ நிமிர்ந்த உடலோடு, அடியில் ஆணி அடித்த காலணியில். அதில் ‘சோலெயா’ என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு எண்ணிக்கை, அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12-இல். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் ஊறிய உடம்பு அங்கே தடுமாறும். விரல்விட்டு எண்ணிச் சமாளிக்கலாம்தான். ஆனால் பாடுகிறவர் ஓரிடத்தில் குரலை இழுத்து நிறுத்தினால் ஆடுகிறவர் அதைக் கேட்டு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கொண்டிருப்பவளுக்குப் பாட்டு எங்கே காதில் விழும்? இதை ஒரு மாதத்தில் தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கியிருக்கிறார், நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள்.

அவளைத் திட்டாதீர்கள். பதினோரு ஆண்டு அரைமண்டியில் நின்ற பெண், லேசுப்பட்டவள் இல்லை. இன்னொன்றைக் கற்க அந்த உடம்புக்குப் பொறுமை இருக்கும். மேடைக்குத் தேதி குறித்துவிட்டாள் என்றால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஸ்பெயினின் செவில் நகருக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கற்கிறேன் என்றால் அனுப்பிவையுங்கள். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு குறுக்கே போய் நிற்காதீர்கள்.