யாரும் போன் போட்டுக் கேட்காத வேலை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வேலைகளை அவசரம், முக்கியம் என்று பிரித்து நான்கு கட்டங்களில் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் எல்லாமே அவசரமும் முக்கியமுமான முதல் கட்டத்தில் வந்து விழுகிறது. காலையில் உட்கார்ந்ததும் "அக்கா, லாரி நிக்குதுங்க, இ-வே பில் போடுங்க" என்று, லாரி கிளம்பத் தேவையான ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டைக் கேட்டு பேக்கிங்கிலிருந்து ஆள் வந்துவிடும். சாயப்பட்டறைக்காரர் பணம் கேட்டு போன் செய்வார். முதலாளி வாட்ஸ்அப்பில் ஏதாவது பழைய பில் கேட்பார். சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியலை எங்கள் கணக்கோடு ஒத்துப் பார்க்கிற 2பி ரீகன்சிலேஷன் டிசம்பரிலிருந்து அப்படியே கிடக்கிறது. அவசரம், ஆனால் முக்கியமில்லை என்கிற மூன்றாவது கட்டத்து வேலைகளை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். எனக்குக் கீழே ஆளே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் சரியாகுமா? இல்லை, எனக்குத்தான் வேலையைப் பிரிக்கத் தெரியவில்லையா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

முன்னால் வராதீர்கள். நீங்கள் எட்டு மணிக்கே சீட்டில் இருப்பது தெரிந்தால் லாரியும் எட்டு மணிக்கே வந்து நிற்கும்.

அந்த நான்கு கட்டத்துக்கு ஐசனோவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் கட்டம் எதுவும் போடவில்லை. 1954 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கூட்டத்தில் பேசும்போது, அவசரமான பிரச்சினைகள் முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமானவை அல்ல என்று சொன்னார். அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். கட்டமாக அது ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது 1989-ல் ஸ்டீபன் கவியின் புத்தகம் வந்த பிறகு. ஐசனோவர் அமெரிக்க ஜனாதிபதி. ஒப்படைப்பதற்கு அவருக்கு ஒரு வெள்ளை மாளிகையே இருந்தது. உங்கள் மூன்றாவது கட்டம் உதவாமல் போனதற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமில்லை.

பிரிக்கத் தெரியாததும் உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 2018-ல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் இதழில் வந்த ஒரு ஆய்வில், பலன் குறைவு என்று தெரிந்தும், கெடு சீக்கிரம் முடிகிற வேலையின் பக்கமே பலர் சாய்ந்தார்கள். உங்கள் ஆபீஸில் கெடுவோடு சேர்ந்து ஒரு ஆளும் வந்து தலைமாட்டில் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த வேலையைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: தாமதமானால் போவது திரும்பி வருமா? மாதாமாதம் வரி கட்டிப் போடுகிற ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் 20-ம் தேதி தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வலிக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, கட்டிவிட்டு நகரலாம். சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் திரும்ப வரவு வைக்கிற உள்ளீட்டு வரி வரவு அப்படி இல்லை. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள்ளோ ஆண்டு ரிட்டர்ன் போடுவதற்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் வரவு எடுக்க வேண்டும். விட்டால் போனது போனதுதான். ஏற்றுமதியில் எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புகிறவர்களுக்கு இந்த வரவுதான் ரீஃபண்டாக வருகிறது. அப்படியானால் உங்கள் மேசையில் எட்டு மாதமாகக் கிடப்பது முதலாளியின் ரொக்கம். அதைக் கேட்டு யாரும் போன் செய்வதில்லை.

இன்னொரு சிக்கல், நவம்பர் 30 உங்களுடைய கெடுவே இல்லை. பில் 2பி-ல் வராததற்குப் பெரும்பாலும் காரணம், நூல் கொடுத்தவரோ சாயப்பட்டறையோ தங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் அதை ஏற்றாததுதான். மாத ரிட்டர்ன் போடுகிற சப்ளையர் அக்டோபர் ரிட்டர்னில், அதாவது நவம்பர் 11-க்குள் ஏற்றினால்தான் 14-ம் தேதி வரும் உங்கள் 2பி-ல் அது தெரியும். அவருடைய கணக்காளருக்கு நீங்கள் நாலு தடவையாவது நினைவூட்ட வேண்டியிருக்கும். அவரும் உங்களைப் போல ஒருவர்தானே, அவர் தலைமாட்டிலும் யாரோ நிற்பார்கள். எனக்குத் தெரிந்து செப்டம்பர் முடிவதற்குள் போன் போட்டு முடிக்கவில்லை என்றால் நம்பிக்கை குறைவு.

இதற்கு நேரம் எங்கே? லாரியிலிருந்து எடுங்கள். லாரி நிற்பது நிஜமான அவசரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இ-வே பில்லில் சரக்கு விவரம் உள்ள பகுதி 'ஏ'யை முன்கூட்டியே போட்டு வைக்கலாம், 15 நாள் செல்லும். வண்டி எண் பகுதி 'பி'யில் மட்டும். பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் முடிந்த அன்று மாலையே பகுதி 'ஏ'யை முடித்துவிட்டால், லாரி வந்ததும் எண்ணைப் போட ஐந்து நிமிடம். பேக்கிங்காரரிடம் 'நாளைக்கு லோடு இருந்தால் இன்று நாலு மணிக்குள் லிஸ்ட் கொடுங்க' என்று சொல்லுங்கள். முதல் வாரம் முனகுவார்.

சாயப்பட்டறைப் பணத்தில் சத்தம் போடுகிறவரை முதலில் பார்ப்பது வழக்கம். பணம் வர வேண்டியவர் பதிவு செய்த குறு, சிறு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி மார்ச் 31-ல் நிலுவையாக நின்றால் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் கழியும். போனே பண்ணாத சாதுவான சப்ளையர் 60 நாளைத் தாண்டியிருக்கலாம். பாக்கிப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள்.

முதலாளியிடம் கட்டத்தைக் காட்டாதீர்கள். 'ரீகன்சிலேஷன் பெண்டிங் சார்' என்றாலும் அவருக்கு ஒன்றும் உறைக்காது. திங்கட்கிழமை காலையில் ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள்: 2பி-ல் வராத வரி மொத்தம் இத்தனை லட்சம், அதில் பெரிய தொகை இந்த ஐந்து பேர். அடுத்த திங்கள் அதே மெசேஜ், புது எண்ணோடு. நீங்கள் பத்து தடவை கேட்டும் நடக்காதது அவர் ஒரு தடவை மில்லுக்குப் பேசினால் நடக்கும். பில் ஏற்றும்வரை ஜிஎஸ்டி தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்றும் அவரையே கேளுங்கள். பல கம்பெனிகளில் அப்படிச் செய்கிறார்கள். அந்த முடிவை நீங்களாக எடுக்க வேண்டாம்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. எட்டு மாதத்தையும் வரிசையாகத் தொடங்க நினைக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள பில்களுக்கு அடுத்த வருட நவம்பர் வரை இடம் இருக்கிறது, அவற்றை ஓரமாக வையுங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டும் எக்செல்லில் எடுத்து, வரித்தொகை பெரியது மேலே வருகிற மாதிரி அடுக்குங்கள். மேலே இருக்கிற பத்து பெயர்களிலேயே தொகையில் பெரும்பங்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். போனை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.