வாசகர் கேள்வி – பதில்: இரண்டு லிட்டர் கணக்கு

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி அடுத்த மாதம் மனைவியுடனும் பதினைந்து வயது மகனுடனும் பெங்களூரு வழியாக ஊர் திரும்புகிறார். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு லிட்டர் வீதம் ஆறு லிட்டர் மதுவை வரியில்லாமல் கொண்டு வரலாம் என்று அவருடைய அறை நண்பர்கள் சொல்கிறார்களாம். அது சரியா? தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது வழியில் சிக்கல் உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம்.

பதில்: உங்கள் தம்பியின் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காக இரண்டு லிட்டர் வரை மதுவைச் சுங்க வரியின்றிக் கொண்டு வரலாம். விஸ்கி, ஒயின், பீர் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டு லிட்டர். பெங்களூரில் இறங்கியபின் வருகைப் பகுதியிலுள்ள டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் இதே கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு வருவதற்குத் தடையில்லை. ஆனால் ஒருவருடைய சலுகையை மற்றொருவருடைய சலுகையோடு சேர்க்க விதி இடம் தராததால், மூன்று லிட்டர் பாட்டில் ஒன்றை வாங்கிவிட்டு ‘இது எங்கள் இருவருக்கும்’ என்று சொல்ல முடியாது. மகனை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்குரிய வயது 21. பதினைந்து வயதுப் பையனின் பாஸ்போர்ட்டைக் காட்டி மதுச் சலுகை கேட்பது, என் கருத்தில், பெற்றோருக்கே கூச்சம் தரவேண்டிய காரியம்.

அளவிலும் கவனம் தேவை. டியூட்டி ஃப்ரீ கடைகளில் ஒரு லிட்டர் பாட்டில்கள் மிகுதியாகக் கிடைப்பதால் இரண்டோடு கணக்கு முடிந்துவிடும். வெளிக்கடையில் 750 மில்லி பாட்டில் மூன்று வாங்கினால் 250 மில்லி கூடிவிடுகிறது. கூடுதல் மதுவுக்கு, மற்ற சாமான்களுக்குரிய பொதுவான பயண உடைமை வரி விகிதம் பொருந்தாது. மதுவுக்கென்றே உள்ள, அதைவிட மிகக் கடுமையான வரியைக் கட்டவேண்டும். அப்படிக் கொண்டு வருபவர், வரிக்குரிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று தாமாகவே தெரிவிப்பதே முறை. தெரிவிக்காமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்டால், பாட்டில் பறிமுதலாவதோடு அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

இனி சாலை. சுங்க வரி மத்திய அரசின் பொறுப்பு. மதுவை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே விமான நிலையத்தில் கிடைத்த வரிச் சலுகை, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டத்துக்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடாது. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தை ராஜாஜி அரசு முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது, அன்று தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் தன்னுள் கொண்டிருந்த சேலம் மாவட்டத்தில்தான். அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்குப் பக்கம்தான். கர்நாடக மதுக் கடத்தலைத் தடுப்பதற்காக ஓசூர் எல்லையில் வாகனங்களைச் சோதிப்பது இப்பகுதியினர் அறிந்ததே. அப்போது, பாட்டில் வெளிநாட்டிலிருந்து வந்ததென்று காட்டக் கடை ரசீது, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் ஆகிய மூன்றும் கையில் இருக்கவேண்டும். பாட்டிலின் மூடியும் திறக்கப்படாமல் இருக்கவேண்டும். வழியில் பெங்களூருக் கடையில் இன்னொரு பாட்டில் வாங்கி அதே பையில் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. அதற்குப் பயணி என்ற சலுகை ஏதுமில்லை. நியாயமாக வந்த பாட்டில்களின் மீதும் அது சந்தேகத்தை வரவழைக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் வாங்கும் பாட்டிலை, இடையில் விமானம் மாறும்போது கைப்பையிலேயே வைத்திருக்கலாமா?
– வாசகர், அரூர்.

பதில்: கடைக்காரர் ரசீதோடு முத்திரையிட்டுத் தரும் ஒளிபுகும் பையை ஊர் சேரும்வரை பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், மாறும் இடத்துப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்ற முறையில் அதைப் பறித்துக்கொள்வார்கள். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் சேலம் செல்வதாக இருந்தால், சுங்கச் சோதனை முடிந்ததும் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்து ஏற்றிவிடுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது எந்தப் பையிலும் விமானம் ஏறக்கூடாது.