வீட்டு பீருக்கு லாகர் ஈஸ்டா, ஏல் ஈஸ்டா? வாங்கும் முன் சில கேள்விகள்

வீட்டில் பீர் தயாரிப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஊர்களில் இருக்கும் வாசகர்கள் இந்த முறை ஈஸ்ட் பற்றியே கேட்டிருக்கிறார்கள். சாற்றின் சர்க்கரையை மதுவாக மாற்றும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட்; லாகர் குளிரில் நொதிக்கும் பீர், ஏல் அதைவிடச் சூட்டில் நொதிக்கும் பீர். எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது: உங்கள் வீட்டில் எத்தனை டிகிரி குளிரை விடாமல் பிடித்து வைக்க முடியும்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு பாக்கெட் வாங்குங்கள்.

பொங்கோல், சிங்கப்பூர்: ‘லாகர்’ என்று பெரிதாக அச்சிட்ட மால்ட் டின் (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு) வாங்கினேன். உள்ளே இருக்கும் குறிப்பில் 21 முதல் 27 டிகிரியில் நொதிக்க வைக்கச் சொல்லியிருக்கிறது. லாகர் என்றால் குளிரில் அல்லவா செய்ய வேண்டும்? ஏமாந்துவிட்டேனா?

டின்னின் மூடிக்கடியில் இருக்கும் சின்ன பாக்கெட்டைப் பாருங்கள். 21 முதல் 27 டிகிரி என்று சொன்னால் அது பெரும்பாலும் ஏல் ஈஸ்ட். டின்னின் முகப்பில் இருக்கும் ‘லாகர்’ அந்த பீரின் நிறத்தையும் மென்மையான சுவையையும் குறிக்கிறது, உள்ளே இருக்கும் ஈஸ்டின் இனத்தை அல்ல. ஆரம்ப விலை டின்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். குளிரூட்ட வசதி இல்லாதவரும் செய்து முடிக்கட்டும் என்று தயாரிப்பாளர் எந்தச் சூட்டையும் தாங்கும் ஏல் ஈஸ்டைப் போட்டுவிடுகிறார். குடிக்கத்தக்க, வெளிர் நிற பீர் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கும் லாகரின் அந்தத் துடைத்துவிட்டாற்போன்ற சுத்தம் கிடைக்காது.

இரண்டுக்கும் வேறுபாடு உயிரியலிலேயே இருக்கிறது. ஏல் ஈஸ்ட் என்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே, ரொட்டி ஈஸ்டின் இனம். 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். லாகர் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ், ஒரு கலப்பினம். அதன் தாய்தந்தையரில் ஒன்று செரிவிசியே. குளிரைத் தாங்கும் மற்றொன்றான யூபயானஸ் எங்கிருந்து வந்தது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2011-இல்தான் அது தென் அமெரிக்காவின் படகோனியா காடுகளில் கண்டறியப்பட்டதாக வெளியிட்டார்கள். அந்தக் குளிர் ரத்தம்தான் லாகர் ஈஸ்டை 10 டிகிரியிலும் சோராமல் உழைக்க வைக்கிறது. குளிரில் நடக்கும் நொதித்தலில் வாழைப்பழம், பேரிக்காய் போன்ற எஸ்டர் வாசனைகள் குறைவாக உண்டாகும். லாகரின் சுத்தம் அங்கிருந்து வருகிறது.

அடுத்த முறை டின்னைக் கையில் எடுத்தால் வெப்பநிலை அச்சிட்டிருக்கும் வரியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் ஈஸ்ட் எந்த வகை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இப்போது வாங்கியதை வீணாக்க வேண்டாம். டின்னைக் கரைக்க 3 லிட்டர் கொதிநீர் போதும். மீதி 18 லிட்டரையும் முந்தைய நாளே ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிர வைத்து ஊற்றினால் கலவை 18 முதல் 20 டிகிரிக்குள் வந்து நிற்கும். ஈஸ்ட் போட அதுவே சரியான சூடு. சிங்கப்பூர்க் குழாய் நீரை அப்படியே ஊற்றினால் 35 டிகிரிக்கு மேல் போய்விடும், பீரில் பெயின்ட் தின்னர் நெடி வரும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர், சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. விற்கக் கூடாது. 23 லிட்டர் பீர் தரும் டின் என்றால் மாதம் ஒன்றுதான்.

ஸ்கார்பரோ, கனடா: எங்கள் நிலவறை பனிக்காலத்தில் 14, 15 டிகிரி. டபிள்யூ-34/70 லாகர் ஈஸ்ட் ஒரு பாக்கெட்டை 23 லிட்டரில் தூவினேன். மூன்று நாளாகியும் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) ஒரு குமிழியும் இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?

அநேகமாகச் சாகவில்லை, ஆள் பலம் போதவில்லை. லாகர் ஈஸ்டை ஏல் கணக்கில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பாக்கெட்டின் அளவும் அதற்கு உடந்தை. இரண்டு வகையும் அதே 11.5 கிராம் பாக்கெட்டில்தான் வருகின்றன. ஏலுக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட் சரியாக வரும். லாகருக்கு அதே 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம். உங்கள் 23 லிட்டருக்குக் குறைந்தது 18 கிராம், அதாவது இரண்டு பாக்கெட். 12 டிகிரிக்குக் கீழே நொதிக்க வைத்தால் இன்னும் கூட்ட வேண்டும். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகுவதால் வேலைக்கு வேண்டிய கூட்டத்தை நாமே முதலில் அனுப்பியாக வேண்டும்.

ஆகவே லாகர் செய்யக் கணக்குப் போடும்போது ஈஸ்ட் செலவை இரட்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்வது? குமிழியை நம்பாதீர்கள். வாளி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வாயு அந்த வழியே போய்விடும், ஏர்லாக் சும்மா இருக்கும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பாருங்கள், சர்க்கரை மதுவாக மாற மாற எண் இறங்கும். 1.048-இல் தொடங்கியது 1.044-க்கு இறங்கியிருந்தாலும் வேலை நடக்கிறது என்று பொருள், காத்திருங்கள். அசையவே இல்லை என்றால் இரண்டாவது பாக்கெட்டை இன்றே போட்டு, வாளியை இரண்டு நாள் 16, 17 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். இனிப்பான சாறு நான்காவது நாளையும் சும்மா கடந்தால் கிருமி நுழைய நேரம் கொடுக்கிறோம்.

உங்கள் நிலவறை ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும். டபிள்யூ-34/70-க்குச் சொல்லப்படும் எல்லை 12 முதல் 18 டிகிரி. நொதித்தல் உச்சத்தில் பீர் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாகும். அப்போதும் எல்லையைத் தாண்டாது. உங்களுக்குத் தனி ஃப்ரிட்ஜ் இல்லாமலே நல்ல லாகர் கிடைக்கும்.

ஜூரோங், சிங்கப்பூர்: வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, அறையில் எப்போதும் 29 டிகிரி. உண்மையான லாகர்தான் வேண்டும். எந்த ஃப்ரிட்ஜ், வேறு என்னென்ன வாங்க வேண்டும்? ஈரத்துணியும் மின்விசிறியும் போதும் என்கிறார்களே?

ஈரத்துணி சிங்கப்பூரில் எடுபடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகாது. பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு, உறைந்த 1.5 லிட்டர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றினால் 20, 22 டிகிரி வரை இறக்கலாம். அது ஏலுக்குப் போதும், லாகருக்குப் போதாது.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றும் வேண்டும். ஃப்ரிட்ஜ் பார்க்கப் போகும் முன் நொதிக்க வைக்கும் வாளியான உங்கள் ஃபெர்மென்டரின் விட்டத்தை அளந்து, அதே அளவில் அட்டை வெட்டி எடுத்துப் போங்கள். உயரத்தை அளக்கும்போது ஏர்லாக்கையும் சேர்த்து அளக்க வேண்டும், பலர் கோட்டை விடும் இடம் அது. தட்டுகளைக் கழற்றிவிட்டு அட்டையைக் கீழே வைத்துப் பாருங்கள். ஒரு கதவு ஃப்ரிட்ஜில் பின்பக்கம் கீழே கம்ப்ரஸருக்கான மேடு இடத்தைத் தின்னும், கதவின் உள்தட்டுகளும் இடிக்கும். 25, 30 லிட்டர் வாளி நிறைந்தால் 25 கிலோவுக்கு மேல். கண்ணாடித் தட்டில் வைக்கக் கூடாது, அடித்தளத்தில் தடித்த பலகை போட்டு வையுங்கள். செஸ்ட் ஃப்ரீசரில் இடம் தாராளம், ஆனால் அந்த எடையை மேலிருந்து தூக்கி இறக்க வேண்டும், முதுகை யோசித்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஒரு பழைய துண்டு போட்டு வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

ஒயின் குளிரூட்டியை மலிவாகப் பார்த்தால் அவசரப்படாதீர்கள். கம்ப்ரஸர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை, அறைச் சூட்டிலிருந்து ஓரளவுதான் கீழே இறக்கும். 29 டிகிரி அறையில், தானே சூடாகும் 20 லிட்டர் பீரை வைத்தால் அது 12-ஐத் தொடவே தொடாது. கம்ப்ரஸர் உண்டா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கன்ட்ரோலரில் ஃப்ரிட்ஜின் பிளக்கைச் செருகி, ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகை அதிகக் குளிரில் வைத்துவிடுங்கள். உணரியின் கம்பி நுனியை வாளியின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே, நடு உயரத்தில் ஒட்டி, அதன்மேல் மடித்த ஸ்பாஞ்சை வைத்து டேப் சுற்றுங்கள். இந்த ஸ்பாஞ்ச் சின்ன விஷயமாகத் தெரியும், பீரின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. உணரி காற்றில் தொங்கினால் கன்ட்ரோலர் 12 என்று காட்டும்போது உள்ளே பீர் 15, 16-இல் கொதித்துக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கம்ப்ரஸரும் ஓடி நிற்கும். இலக்கைவிட எவ்வளவு ஏறினால் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும் என்ற வேறுபாட்டை 0.5 டிகிரிக்கும், கம்ப்ரஸர் நின்று மறுபடி ஓடுவதற்கான தாமதத்தை 5 நிமிடத்துக்கும் வைத்தால் இயந்திரம் கெடாது. சூடாக்கும் பட்டை உங்கள் ஊருக்குத் தேவையில்லை. வெப்பம் ஏற வேண்டுமானால் இலக்கை உயர்த்திவிட்டுக் காத்திருந்தால் அறையே ஏற்றிவிடும்.

மால்ட்டைக் கொதிக்க வைத்துச் செய்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கொதித்த சாற்றைக் குளிர்விக்க அதில் இறக்கும் செம்புச் சுருளில் குழாய் நீர் ஓடவிட்டால் சாறு 32 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். அந்தச் சூட்டில் லாகர் ஈஸ்டைப் போட்டுவிட்டுக் குளிர வைக்காதீர்கள். முதல் சில மணி நேரத்திலேயே வேண்டாத வாசனைகளின் மூலப்பொருள் சேர்ந்துவிடும். கிருமிநீக்கம் செய்த ஃபெர்மென்டரில் ஊற்றி மூடி, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் 12-க்கு இறக்கி, காலையில் ஈஸ்ட் போடுங்கள்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம்: முதல் தடவை செய்பவரென்றால் இந்தச் செலவுக்கு முன் ஏல் இரண்டு முறை செய்து கை பழகுங்கள். ஃப்ரிட்ஜே வேண்டாம் என்பவருக்கு நார்வேயின் மேற்குப் பண்ணைகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட் இருக்கிறது. அதில் ‘வோஸ்’ வகை 35 முதல் 40 டிகிரியில்தான் மகிழ்ச்சியாக வேலை செய்யும். மெல்லிய ஆரஞ்சு மணம் வரும், லாகர் ஆகாது. ஆனாலும் நம் வெயிலோடு சண்டை போடாத பீர் அது.

ஈஸ்ட் ஹாம், லண்டன்: லாகர் நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். இப்போது அது போய் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வருகிறது. கொட்டிவிடவா?

கொட்ட வேண்டாம். முட்டை நாற்றம் லாகர் ஈஸ்டின் சுபாவம். கந்தக வாயு கரியமில வாயுவோடு வெளியேறும், மீதி குளிரில் வைத்திருக்கும் வாரங்களில் மறையும்.

வெண்ணெய் வாசனைக்குப் பெயர் டயசெட்டில். ஈஸ்ட் வெளியே விட்ட ஒரு பொருள் பீரில் மெல்ல டயசெட்டிலாக மாறுகிறது, பிறகு அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குளிரில் இந்த இரண்டுமே மெதுவாக நடக்கும். முன்கூட்டியே 2 டிகிரிக்கு இறக்கிவிட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும், வெண்ணெய் அப்படியே தங்கும். ஆகவே ஹைட்ரோமீட்டர் 1.018-ஐ நெருங்கும்போதே, இறங்க இன்னும் ஆறேழு புள்ளி (ஒரு புள்ளி 0.001) பாக்கி இருக்கும்போதே, வெப்பத்தை 17, 18-க்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள். ஏலில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், அது ஏற்கெனவே அந்தச் சூட்டில்தான் நடக்கிறது.

முடிந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. மூடியுள்ள கண்ணாடிச் சீசா இரண்டில் கொஞ்சம் கொஞ்சம் பீர் எடுங்கள். ஒன்றை 60 டிகிரி சுடுநீரில் அரை மணி நேரம் வையுங்கள், மற்றதை வெளியே விடுங்கள். சுட்டதை ஆறவைத்து இரண்டின் மூடியையும் திறந்து முகருங்கள். சுட்டதில் மட்டும் வெண்ணெய் மணந்தால் மூலப்பொருள் இன்னும் மீதம் இருக்கிறது, மேலும் இரண்டு நாள் சூட்டில் விடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் குளிருக்கு இறக்கலாம். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனையோ நல்ல பீர் பாழாகிறது.

மூன்று வாரம் சூட்டில் வைத்தும் வெண்ணெய் கூடிக்கொண்டே போய், புளிப்பும் சேர்ந்தால் அது பாக்டீரியா. அப்போது கொட்டத்தான் வேண்டும். குழாய், திருகு, கீறல் விழுந்த வாளி எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

மெல்பர்ன்: இணையக் கடையில் திரவ லாகர் ஈஸ்ட் வாங்கினேன். ஐஸ் உறை உருகி, பை வெதுவெதுப்பாக வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேளுங்கள். பெட்டியைத் திறந்த அன்றே பையின் படமும் தயாரிப்புத் தேதியும் அனுப்புங்கள். ஆனால் சூடாக வந்ததாலேயே எல்லாம் செத்திருக்காது, எண்ணிக்கை குறைந்திருக்கும். லாகருக்கு அந்தக் குறைவு வலிக்கும். 1.050 அடர்த்தியுள்ள 20 லிட்டர் லாகருக்குச் சுமார் 37,000 கோடி உயிரணுக்கள் வேண்டும், ஏலுக்கு அதில் பாதி. பல திரவப் பைகளில் புதிதாக இருக்கும்போதே 10,000 கோடிதான். லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் கரைத்துக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் இரண்டு நாள் ஸ்டார்ட்டர் (ஈஸ்டை முன்கூட்டியே பெருக்கும் சிறு கலவை) வளர்த்தால்தான் கணக்கு நேராகும், லாகருக்கு ஒரு சுற்றுக்கு மேலும் ஆகலாம். அந்த வேலைக்கு நேரமில்லையா, உலர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட் வாங்குங்கள். உலர் பாக்கெட் விறைப்பாக இருக்க வேண்டும். தொட்டால் தொளதொளவென்றிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சென்னை: இங்கே இதெல்லாம் செய்யலாமா?

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பொருள் இணையத்தில் கிடைப்பது அனுமதி ஆகாது.

பொங்கோல் வாசகரின் இரண்டாம் கேள்வி: குளிரில் நொதித்த பீரில் வாயு அதிகம் தங்கும் என்பதால் வாயு உண்டாகப் பாட்டிலில் போடும் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமாமே?

நொதித்தல் முடிந்த பிறகு பீர் தொட்ட மிக உயர்ந்த வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுங்கள். 12-இல் நொதித்து 18-க்கு ஏற்றியிருந்தால் அந்த 18-தான் கணக்கு. பிறகு 2 டிகிரியில் ஒரு மாதம் வைத்தாலும், போன வாயு திரும்பி வராது. லிட்டருக்கு 6 கிராம் சாதாரணச் சர்க்கரை, 20 லிட்டருக்கு 120 கிராம். மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் இரண்டு முறை ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். 20 டிகிரிக்குச் செய்த ஹைட்ரோமீட்டர் உங்கள் 30 டிகிரி சமையலறையில் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 டிகிரிக்கு இறக்கும்போது உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக்கில் உள்ள திரவத்தை பீருக்குள் இழுக்கும். இறக்குமுன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, கிருமிநாசினியில் நனைத்த அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக வாயில் இறுக்கிக் கட்டுங்கள்.