நாற்பது புத்தகமும் கால் பங்கும்

அண்ணா, வணக்கம்ங்க.

காங்கயம் பக்கம் எங்களுக்குத் தேங்காய்க் களம். சில வருசமாக ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஆன்மிகப் புத்தகம் படிக்கிறேன். நாற்பது தாண்டியிருக்கும். படிக்கும்போது மனசு லேசாகிறது. விடிந்து, கொப்பரை காயும்போது நாலு தூறல் விழுந்தால் போதும், களத்து ஆள்களிடம் கத்திவிடுகிறேன். படிக்கிற நேரத்தில் அத்தை தண்ணி கேட்டால்கூட எரிச்சல் வருகிறது. வீட்டுக்காரர், “கல்லாத பேர்களே நல்லவர்கள்னு தாயுமானவரே சொல்லிட்டாரு, விட்டுரு” என்கிறார். படிப்பால் ஆன்மா வளருமாங்க? அடுத்து எதைப் படிக்கட்டும்? போனில் கேட்டாலும் படித்த கணக்குத்தானா? என் பெயர் வேண்டாங்க.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு பதில். அந்தப் பாட்டில் அவர் சொன்ன அடிக்கு அப்புறமும் அடிகள் இருக்கின்றன. ஞானம் பெரிது என்று ஒருவர் வந்தால் கர்மமே முக்கியம் என்பேன், கர்மம் பெரிது என்றால் ஞானமே முக்கியம் என்பேன், வடமொழி வல்லவர் வந்தால் தமிழில் எல்லாம் இருக்கிறது என்று பேசுவேன் என்று தாயுமானவர் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். வாதத்தில் ஜெயிக்கப் படித்த படிப்பைத்தான் திட்டுகிறார். உங்களை வாயடைக்க அந்த அடியை எடுத்து வீசுவதும் அந்த ரகம்தான். (மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

உங்கள் சிக்கல் வேறு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். பெருந்துறை அருகே சீனாபுரம் என்பார்கள். இலக்கணம்தானே என்று நினைக்காதீர்கள். முன்பகுதியில் மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி இரண்டு காலும். பாதிப் புலமையை அவர் அடுத்தவர் காதில் வைத்திருக்கிறார்.

நீங்கள் நாற்பது புத்தகத்தையும் தனியாக, சத்தமில்லாமல், யாரும் குறுக்கே வராத நேரமாகப் பார்த்துப் படித்திருக்கிறீர்கள். கையில் இருப்பது கால் பங்கு. அதிலும் ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஒருமுறை கேட்டவன் இருமுறை கேட்டால் பிழை குறையும் என்றும் அவரே சொல்கிறார்.

எரிச்சல் வருவதற்குப் புத்தகம் காரணமில்லை. அதை ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்திருப்பதுதான் காரணம். ஒளிந்திருப்பவரை யார் கூப்பிட்டாலும் எரிச்சல்தான் வரும். களத்து மழை அடுத்த கதை. காய்ந்த கொப்பரை நனைந்தால் நஷ்டம், அங்கே கொஞ்சம் கத்தத்தான் வேண்டியிருக்கும். அதையெல்லாம் ஆன்மாவின் கணக்கில் எழுதாதீர்கள்.

அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வயதுக்காரர்களில் பலர் நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். கதையில் வரும் அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் சாகப்போவது தெரிந்தேதான் வருசா வருசம் உட்கார்ந்தார்கள், அந்த இடம் வந்ததும் அழுதார்கள். கதை தெரியுமே என்று யாரும் எழுந்து போகவில்லை. நமக்குத்தான் ஒருமுறை படித்தது பழையதாகிவிடுகிறது. நடுவில் அத்தை, “அதெப்படி அம்மிணி?” என்று கேட்பார். பதில் தெரியாமல் முழிப்பீர்கள். அந்தப் பக்கத்தை அப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்த புத்தகம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. நாற்பதில் உங்களுக்கு ஒத்துவராத ஒன்று இருக்கும், பாதியில் சண்டை பிடித்து மூடி வைத்தது. அதை எடுங்கள். மனசு லேசாகும் புத்தகம் தூக்கத்துக்கு நல்லது, அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். கூடவே கொடுமுடிக்குச் சுந்தரர் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகம். “நான் மறக்கினும் சொல்லும் நா” என்று பாட்டுக்குப் பாட்டு வரும். நாக்கு தானாகச் சொல்லும் அளவுக்கு ஒரே பதிகம் போதும், இந்த வருசம் முழுக்க.

போனில் கேட்கலாமா என்றால், தாராளமாக. பவணந்தியார் கணக்கே கேட்பதை வைத்துத்தானே. ஆனால் காதுக்குள் செருகிக்கொள்ளாமல் ஸ்பீக்கரில் போடுங்கள்; களத்தில் தேங்காய் உடைப்பவர்களும் கேட்கட்டும். நடுவில் அவர்கள் ஏதாவது சொன்னால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.