யாரோ வாங்குன லோனுக்கு எனக்கு ஏன் போன் வருது?

கேள்வி: அக்கா, நான் ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடைல பில்லிங் பாக்கறேன். தீபாவளிக்கு புது சிம் வாங்குனதுல இருந்து யாரோ ஒரு ஆம்பள பேரச் சொல்லி, ஈஎம்ஐ பெண்டிங், எப்ப கட்டுவீங்கன்னு போன் மேல போன். ராங் நம்பர்னா "நீங்க அவரு சம்சாரம்தானே, பொய் சொல்லாதீங்க"ங்கறாங்க. பிளாக் பண்ணா வேற நம்பர்ல வர்றாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட வருது, வீட்டுக்காரர் யாரு அந்த ஆளுன்னு ஒரு மாதிரி பாக்கறாரு. நம்பரையே மாத்திடவா?
- பேர் வேண்டாம், ஈரோடு

பதில்: மொதல்ல வீட்டுக்காரர் விஷயத்த முடிச்சிருவோம்மா, கடன விட அதான் உன்ன அரிக்குதுன்னு லெட்டர்லயே தெரியுது. அடுத்த தடவ போன் வந்தா ஸ்பீக்கர்ல போட்டு அவர் கையிலயே குடுத்துடு. அவரு ஹலோன்னதும் "சார், லைன்ல வந்துட்டீங்களா, நாளைக்கு பன்னெண்டு மணிக்குள்ள கட்டிடுவீங்கள்ல"ன்னு அவரையே அந்த ஆளாக்கி பேசுவாங்க பாரு, சந்தேகம் அந்த நிமிஷமே போயிடும், அப்புறம் உன்ன விட அவருக்குத்தான் கோவம் வரும்.

இப்ப ஏன் வருதுன்னு பாப்போம். நீ வாங்குன சிம் புதுசு, நம்பர் புதுசில்ல. ப்ரீபெய்டு நம்பர ஒருத்தர் விட்டுட்டா குறைஞ்சது 90 நாள் சும்மா வச்சிருந்துட்டு கம்பெனிக்காரங்க வேற ஆளுக்கு குடுத்துருவாங்க, அப்படித்தான் அந்த ஆளோட பழைய நம்பர் உன் கைக்கு வந்திருக்கும். (புது சிம் இல்லாம பல வருஷமா வச்சிருக்கற நம்பருக்கே இப்படி வந்தா, யாரோ லோன் ஃபார்ம்ல உங்க நம்பர ரெஃபரன்ஸா எழுதியிருப்பாங்க. ரெஃபரன்ஸ் குடுத்ததால எல்லாம் யாரும் ஜாமீன்தாரர் ஆயிட முடியாது, பத்து பைசா கட்ட வேண்டியதில்ல.)

நீ பண்ற ஒரே தப்பு, போன் பண்ற பையன்கிட்டயே நியாயம் கேக்கறது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்கிட்ட யூனிட் ரேட்டு ஏன் ஏறிச்சுன்னு சண்டை போட்டா என்ன ஆகும், அதேதான் இது. அவனுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் ஓடுது, கம்ப்யூட்டர் அதுவா டயல் பண்ணுது, எடுத்தவங்ககிட்ட பேசறான், உன் நம்பர தூக்கற அதிகாரம் அவனுக்கு கிடையாது, ராங் நம்பர்னு சொல்ற பாதிப் பேரு நிஜமாவே கடன் வாங்குன ஆளுங்கங்கறதால நம்பவும் மாட்டான். கெஞ்சி கத்தி அவன் விட்டாலும் அடுத்த மாசம் அதே லிஸ்ட் வேற ஏஜென்சிக்குப் போகும், மறுபடி மொதல்ல இருந்து. அதனாலதான் பிளாக்கும் வேலைக்காகல. சிம் கம்பெனில சொல்லி டிஎன்டி (தொந்தரவு பண்ணாதேன்னு பதியறது) போட்டாலும் நிக்காது, அது விளம்பரக் காலுக்கு.

லிஸ்ட் யாருதோ அவங்களப் பிடிக்கணும். அதுக்கு ஒரே ஒரு கால் மட்டும் பொறுமையா பேசு, கோவமே படாத. எந்த பேங்க், எந்த ஃபைனான்ஸ், உங்க ஏஜென்சி பேரென்னன்னு மட்டும் கேளு, கால ரெக்கார்டு பண்ணிக்கோ. அவன் மழுப்புனாலும் கவலையில்ல, மெசேஜ் இன்பாக்ஸ தேடிப் பாரு, கட்டச் சொல்லி வர்ற எஸ்எம்எஸ்ல பெரும்பாலும் கம்பெனி பேரும் லோன் நம்பர்ல கடைசி நாலு எண்ணும் இருக்கும். (அதுல இருக்கற லிங்க மட்டும் தொட்டுறாத.)

பேரு கெடச்சதும் அந்தக் கம்பெனி வெப்சைட்ல கிரீவன்ஸ் ஆபீசர்னு, புகார் கவனிக்கற ஒருத்தரோட மெயில் ஐடி இருக்கும், அதுக்கு நாலு வரி எழுதுனா போதும்: இந்த நம்பர் இந்தத் தேதில இருந்து என்கிட்ட இருக்கு, நீங்க தேடற ஆளுக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, உங்க ரெக்கார்டுலயும் உங்க ஏஜென்சிங்க ரெக்கார்டுலயும் இருந்து எடுத்துட்டு எழுத்துல பதில் குடுங்க. கூடவே கால் ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்ட வச்சிடு, ராத்திரி ஒன்பது மணி கால் அதுல தெரியணும், ஏன்னா காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக்கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே ஆர்பிஐ சொல்லிடுச்சு, அது கடன் வாங்குனவனுக்கே, நீ வாங்கவே இல்ல. இன்னொரு வரியும் சேத்துக்கோ. நிரந்தரமா கட் ஆன நம்பருங்களுக்கு எம்என்ஆர்எல்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அத வச்சு உங்க கஸ்டமர் நம்பர சரி பாருங்கன்னு 2025 ஜனவரில ஆர்பிஐ சொல்லியிருக்கே, ஏன் பாக்கலன்னு கேளு. இத எல்லாம் தெரிஞ்சவ எழுதுறான்னு தெரிஞ்சா மெயில் கொஞ்சம் வேகமா நகரும்.

30 நாள்ல பதில் இல்லன்னா ஆர்பிஐயோட சிஎம்எஸ் போர்ட்டல்ல புகார் போடலாம், 14448க்கு போன் பண்ணி எப்படின்னு கேட்டுக்கலாம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு, பல பேரு விழறது இங்கதான். "சரி மேடம், நீங்க அவங்க இல்லன்னா உங்க ஆதார் அனுப்புங்க, நம்பர எடுத்துடறோம்"னு பணிவா கேப்பாங்க. ஆதார், பான், ஓடிபி எதுவும் குடுக்காத. அந்த ஆள் இல்லன்னு நிரூபிக்கற வேலை உன்னோடது இல்லம்மா. தொல்லை விட்டா போதும்னு ஐநூறு ரூபா கட்டறவங்களும் இருக்காங்க, கட்டுனா இந்த நம்பர்ல காசு வரும்னு அவங்களுக்குப் புரிஞ்சு போன் ஜாஸ்திதான் ஆகும். அந்த ஆளு செத்துட்டாருன்னு சொல்லிடுன்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, அதுவும் வேண்டாம், அப்ப நீங்க அவருக்கு என்ன உறவுன்னு ஆரம்பிப்பாங்க.

கம்பெனி பேரு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேங்கறாங்க, போட்டோவ மார்ஃப் பண்ணிடுவேன் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன்னு மிரட்டறாங்கன்னா அது வேற கதை, லோன் ஆப் கும்பலா இருக்கும். அந்த நம்பர அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல சக்‌ஷுங்கற பகுதில ரிப்போர்ட் பண்ணு, ரெக்கார்டிங்கோட சைபர் கிரைம் போலீஸ்கிட்ட போ. மிரட்டறது பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 351வது பிரிவுல குற்றம். காசு போயிருந்தா மட்டும் யோசிக்காம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணு.

மனசு சமாதானத்துக்கு உன் பேர்ல என்னென்ன கடன் இருக்குன்னு காட்டற கிரெடிட் ரிப்போர்ட்டையும் ஒரு தடவ எடுத்துப் பாத்துடு, சிபில் மாதிரி கம்பெனிங்க வருஷத்துக்கு ஒண்ணு ஃப்ரீயா குடுக்கணும். கூப்புடறவங்க சொல்ற கம்பெனி பேரு அதுல இல்லன்னா நிம்மதியா தூங்கு.

நம்பர மாத்தறதா? வேண்டாம். அடுத்து கெடைக்கற நம்பரும் யாரோ விட்ட நம்பரா இருக்கலாம், அவங்களுக்கு எத்தன லோனோ. அப்படியும் மாத்தித்தான் ஆவேன்னா பேங்க், ஆதார், கேஸ் எல்லாத்துலயும் புது நம்பர ஏத்துன பிறகு இந்த சிம்ம விடு, இல்லன்னா உன் ஓடிபி எல்லாம் இன்னொருத்தர் போனுக்குப் போகும்.