ஸ்விஃப்ட் ஏஎம்டி 16, நண்பரின் மேனுவல் 19: கோளாறா?

உங்கள் ஸ்விஃப்ட் ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டி) லிட்டருக்கு 16 கிலோமீட்டர்தான் தருகிறது, நண்பரின் மேனுவல் 19 தருகிறது, வண்டியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. 2024 ஸ்விஃப்டுக்கு லிட்டருக்கு மேனுவல் 24.80, ஏஎம்டி 25.75 கிலோமீட்டர் என்று நிறுவனம் போட்டிருப்பது ஆய்வகத்தில் உருளை மேல், ஏசி இல்லாமல் ஓட்டி எடுத்த கணக்கு. அந்தச் சோதனையில் மேனுவலுக்கு எந்த வேகத்தில் கியர் மாற்றுவது என்பது முன்பே வரையறுத்தது. ஏஎம்டி தானாகவே சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். ஏஎம்டிக்கு எண் கொஞ்சம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான்.

நீங்கள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறீர்கள், அவர் பைபாஸில் போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அந்த 3 கிலோமீட்டர் அங்கேதான் போகிறது.

டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். காலையில் டயர் சூடாகும் முன் காற்றைச் சரிபாருங்கள். பிறகு ஆட்டோ கட் ஆகும்வரை பெட்ரோல் நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். 300 கிலோமீட்டர் தாண்டியதும் அதே பங்கில், அதே பம்பில் மறுபடி ஆட்டோ கட் வரை போட்டு, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். நண்பர் சம்மதித்தால் ஒரு வாரம் வண்டியை மாற்றி ஓட்டுங்கள், அதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. உங்கள் வழியில் அவர் வண்டியும் 16 பக்கம் இறங்கினால் கவலையை விடுங்கள். இறங்காவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.